மூன்றாம் தொகுதி, திருத்தங்களுடன்

சிலேசியாவிலிருந்து கையேடு வந்தது,
நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள்.
போஸ்னியாவுக்கு ஏற்ப மாற்றித் தருக என்று
ஒற்றை வரியில் ஒரு கடிதம்.
ஆறு வாரம் கெடு.

தலைப்பிலேயே இடறினேன்:
நியாயமான நிலைமாற்றம்.
எங்களூரில் ட்ரான்சிட்ஸியா என்றால்
போர் முடிந்த கையோடு வந்த ஆண்டுகள்.
ஓட்டு ஆலையை எவனோ ஒரு மார்க்குக்கு வாங்கி
இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு
கதவைக்கூடச் சாத்தாமல் போனது.
அந்தச் சொல்லுக்கு முன்னால் நியாயத்தை வைப்பது
திருடனுக்கு முன்னால்
திரு சேர்ப்பது மாதிரி.

அடித்துவிட்டு எழுதினேன்:
சுரங்கம் மூடினால் யார் என்ன ஆவார்?
காட்டோவிட்ஸேயிலிருந்து போஜெனா சொன்னாள்,
எல்லாம் சரி,
தலைப்பில் கேள்விக்குறி மட்டும் வேண்டாம்.

பக்கம் ஒன்பதில் ஒரு படம்.
பழைய சுரங்கம் அருங்காட்சியகமாகி
கண்ணாடி லிஃப்டில் பிள்ளைகள் இறங்குகிறார்கள்,
கையில் ஐஸ்கிரீம்.
எடுத்துவிட்டேன்.
எங்கள் லிஃப்டு இன்னும் மூன்று ஷிப்டும்
ஆளைத்தான் இறக்குகிறது,
மார்ச் மாதச் சம்பளம் வராத ஆளை.

பக்கம் பதினான்கு, மறைமுகத் தொழிலாளர்கள்.
லாரி ஓட்டுபவர், கேன்டீன்காரர், சலவைக்காரர்.
விளக்கறை இல்லை.
ஷெஃபிகாவிடம் போய்க் கேட்டேன்,
நீ நேர்முகமா, மறைமுகமா?
பேட்டரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
முந்நூற்றுப் பத்து விளக்கு, முந்நூற்றுப் பத்துக் கொக்கி.
இறங்குகிறவன் வெளிச்சத்தில் கடைசியாகப் பார்ப்பது
இந்த முகத்தைத்தான்.
எந்த முகம் என்று நீயே எழுதிக்கொள்.

வீட்டுச் சூடேற்றம் பற்றி இரண்டு பக்கம்.
இங்கே ஆண்டுக்கு ஆறு டன் கரி
கூலியோடு சேர்த்தி.
அது சம்பளமா, அடுப்பா?
கையேட்டுக்குத் தெரியவில்லை.
ஏட்டுச் சுரைக்காய்
கரிக்கும் உதவாது.

மாற்றாமல் விட்டது ஒன்று உண்டு.
அவர்கள் இறங்கும்போது கடவுளைச் சொல்கிறார்கள்,
நாங்கள் ஸ்ரெத்னோ, நல்லபடி போ, என்கிறோம்.
அந்த இடத்தில் மட்டும் பேனா தானாக ஓடியது.

ஒரு வியாழக்கிழமை வெள்ளோட்டம்.
தொழிற்சங்கக் கூடம், முட்டைக்கோஸ் வாசனை,
ஷிப்டு முடிந்த பதினோரு ஆண்கள், ஷெஃபிகா.
வட்டாரத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன்.
பத்தாண்டு கழித்து நீங்கள் எங்கே?
மஞ்சள் பொட்டு ஒட்டுக.
பக்கம் பதினேழு, கால அளவு இருபது நிமிடம்.

ஃபிக்ரெத் முதலில் எழுந்தார்.
ஊரை விரலால் தொட்டார், ஆற்றைத் தாண்டினார்,
தாளின் வடக்கு ஓரத்தையும் தாண்டி
மின்விசைக்குப் பக்கத்தில் வெறும் சுவரில் ஒட்டினார்.
ஸ்டுட்கார்ட், என்றார், ஏறக்குறைய.

அப்புறம் யாரும் யோசிக்கவில்லை.
கிராஸ். மாரிபோர்.
அண்ணனும் தம்பியும் லின்ஸ் எத்தனை சாண் என்று
சுவரை அளந்து சண்டை போட்டார்கள்.
ஒருவன் நாற்காலி மேல் ஏறி
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினான்.
நார்வே, கொஞ்சம் தூரம், மன்னிக்கணும்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.
நான்கு நிமிடத்தில் பயிற்சி முடிந்தது.
தாளில் ஒரு பொட்டு இல்லை.

ஷெஃபிகா கடைசியாக வந்தாள்.
சுரங்கத்துக்கு அச்சிட்டிருந்த குந்தாலிக் குறியின் மேலேயே ஒட்டினாள்.
குறி மறைந்தது.
மூடிய பிறகுமா, என்று கேட்டேன்.
கொக்கியெல்லாம் நிறைந்துவிட்டதா என்று
ஒருத்தி பார்த்துவிட்டுத்தானே கதவைப் பூட்டணும், என்றாள்.

இரவு அறிக்கை எழுதினேன்.
பக்கம் பதினேழு, திருத்தம்:
இந்தப் பகுதிக்கு வரைபடம் போதவில்லை.
சுவரையும் சேர்த்து அச்சிடுக.
மறுநாளே பதில் வந்தது,
நிதியில் இடமில்லை, இருக்கும் அளவே போதும்.

பொட்டுகளைப் பிய்த்தபோது
சுண்ணாம்பும் கூடவே வந்தது.
ஜெர்மனியில் ஐந்து, ஆஸ்திரியாவில் நான்கு
பொக்கை வட்டங்கள்.
விரலில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
வாசலில் அடுத்த ஷிப்டு,
தலையில் விளக்கோடு எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்:
எங்களுக்குப் பொட்டு மிச்சம் இருக்கா?