வகையைத் தேர்ந்தெடுக்கவும்

மொகோட்லொங்கில் ஜூலை.
ஜன்னல் விளிம்பில் ஒரு சாண் பனி.
ஜெனரேட்டர் நிற்பதற்குள்
சஞ்சிகையின் தளம் திறந்துவிட்டது.
முதல் கேள்வியே
கையெழுத்துப் பிரதி எந்த வகை?

சொடுக்கினால் விரிகிறது பட்டியல்,
ஆய்வுக் கட்டுரையில் தொடங்கி
எங்கோ கீழே
ஆசிரியருக்குக் கடிதம் வரை.
நான் மேலேயே நின்றேன்.
தங்கச் சுரங்கத்திலிருந்து வீடு திரும்பிய
நாற்பத்து மூன்று ஆண்கள்,
மூன்று ஆண்டுகள்,
எக்ஸ்ரே, சளி, ஊதிப் பார்த்த மூச்சின் அளவு.
சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது
என்பதால்
சுரங்கத்தின் ஆழத்தை வெட்டினேன்.

பதினோரு வாரம் கழித்துப் பதில்.
இரண்டாம் மதிப்பாய்வாளர் மரியாதை தெரிந்தவர்.
எண்ணிக்கை போதாது, வருந்துகிறோம்.
ஒப்பிட ஒரு குழு இல்லை.
பதினேழு பேர்
மறுபரிசோதனைக்கு ஏன் வரவில்லை?

ஆறு பேர் இறந்துவிட்டார்கள் ஐயா.
நான்கு பேரிடம் குதிரை இல்லை.
மீதி ஏழு பேர்
சுரங்கத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள்.
அப்படியே எழுதினேன்.
‘விடுபட்ட தரவுகள்’ என்று மாற்றச் சொன்னார்கள்,
மாற்றிய பிறகு நிராகரித்தார்கள்.

அதன் பிறகு நடந்தது
கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.
(எங்கள் மருந்துப் பெட்டிகளைச் சுமந்து
மலையேறும் கழுதையைச் சொல்லவில்லை.
அது கொழுத்துத்தான் இருக்கிறது.)
நாற்பத்து மூன்று பேர் பன்னிரண்டு பேரானார்கள்,
பன்னிரண்டு பேர் ஒருவரானார்கள்.
நோயாளர் அறிக்கை: ஒரு மனிதன், ஆயிரத்து ஐந்நூறு சொல்.

செகோபே ராமாட்லாவை
‘ஐம்பத்தெட்டு வயது ஆண்’ என்று தொடங்கினேன்.
பெயர் கூடாது, ஊர் கூடாது.
கம்பளியைச் சேர்த்துக் குத்தியிருந்த பெரிய ஊக்கை
படமெடுக்கும்முன் கழற்றச் சொன்னபோது
சுரங்கத்தில் கற்ற ஃபனகலோ மொழியில்
என்னைத் திட்டினார்.
துளைப்பான் பக்கத்தில் நின்ற இருபத்தாறு ஆண்டு
‘தொழில் வரலாறு’ ஆயிற்று.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே உறங்கும் இரவுகளுக்கு
ஒரு கிரேக்கச் சொல் இருந்தது.
திட்டியதற்கு
எந்த உட்தலைப்பும் பொருந்தவில்லை.

இந்த முறை பதில் ஒரே வரி:
இதில் புதிதாக என்ன?

நியாயமான கேள்வி.
புதிதாக ஒன்றுமில்லை.
நான் சொல்ல வந்ததே அதுதான்.
அதற்கென்று ஒரு வகை
பட்டியலில் இல்லை.

நானூறு சொல்லில் கடிதம் எழுதினேன்.
படமாக அனுப்பலாமே என்றார்கள்.
ஒரு படம், நூறு சொல்,
நோயாளியின் ஒப்புதல் கையொப்பம்.

நோயாளி மே மாதமே போய்விட்டார்.
அவர் மனைவி மாலெஃபு
ஒரு பகல் முழுக்கக் குதிரையில் வந்தாள்.
படிவத்தை செசோதோவில் படித்துக் காட்டினேன்.
“பெயர் வராதா?”
“வராது.”
“முகம்?”
“நெஞ்சு மட்டும்.”
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
கையொப்பமிட்டுவிட்டு
கம்பளிக்குள்ளிருந்து தன் படிவத்தை எடுத்து
என் மேசையில் நீவி விரித்தாள்.
மசேருவில் இழப்பீட்டு அலுவலகம்.
எக்ஸ்ரே கேட்கிறார்கள்.
அதில் பெயர் தெளிவாக இருக்க வேண்டுமாம்,
சுரங்க எண்ணும்.
பெயரில்லாத நெஞ்சுக்குப் பணமில்லை.

ஒரே நெஞ்சுக்கு இரண்டு பிரதி.
ஒன்றின் மூலையில் கறுப்புச் சதுரம் ஒட்டினேன்.
இன்னொன்றில் மங்கிப்போயிருந்த பெயரின் மேல்
வெள்ளை மைப் பேனாவால்
எழுத்தெழுத்தாகத் திரும்ப எழுதினேன்.
எனக்குக் கை நடுங்கியது.
அவள் ஸ்பெல்லிங் சரிபார்த்தாள்.
சுருட்டி, சேணத்துக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
விடியுமுன் கிளம்பினாள்.

இரவு தளத்தில் கடைசிப் பக்கம்.
ஆசிரியர் பெயர், நிதியுதவி, முரண் நலன்:
இல்லை, இல்லை, இல்லை.
பிறகு ஒரு சிறு கட்டம்:
‘இப்படைப்பு இதே நேரத்தில்
வேறெங்கும் பரிசீலனையில் இல்லை
என்று உறுதியளிக்கிறேன்.’

இந்நேரம் மாலெஃபு
கணவாயைத் தாண்டியிருப்பாள்.

கட்டத்தில் குறியிட்டேன்.