நான்காவது அமர்வு

ராணிப்பேட்டை சிப்காட்டில்
ஷூ கம்பெனி மாடியில் ஒரு ஸ்டோர் ரூம்.
லைனிங் தோல் சுருள்களை ஒதுக்கித் தள்ளி
இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள், எதிரெதிராக,
போலீஸ் விசாரணை மாதிரி.
இரண்டையும் ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில்
இதுவரை கைவிடாதது அது ஒன்றுதான்.

தையல் லைன் சூப்பர்வைசர் ஜெபமணி பொற்கொடி.
என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர்.
‘மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை, சரி செய்யவும்’
என்று எச்.ஆரில் எழுதித் தந்திருந்தார்கள்,
ரிப்பேர் மெஷினில் ஒட்டும் சீட்டுபோல.

முதல் அமர்வில் அவர் டீ குடித்தார்.
இரண்டாவதில் நான் பேசினேன்:
தைரியம், நிமிர்ந்து உட்காருவது,
கண்ணைப் பார்த்துச் சொல்வது.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
வாலாஜா ரோடு ஸ்டேஷனில் நிற்கும்போதுதான் உறைத்தது,
அந்தத் தலையாட்டலைத்தான்
சரி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவதில் கேள்வி மட்டும் என்று போனேன்.
‘ஏன்’ என்று ஆரம்பித்துவிட்டேன்.
ஏன் என்றதும் எவரும்
தனக்குத்தானே வக்கீல் ஆகிவிடுகிறார்.

இன்று,
‘மீட்டிங்ல சும்மா இருக்கறப்ப என்ன செய்வீங்க?’
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
தோல் ஷாப் வாடை
மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்தது.
நாக்கு நுனியில் இரண்டு அறிவுரை.
எச்சிலோடு விழுங்கினேன். ஒன்று திரும்ப ஏறி வந்தது.

‘கேப்பேன்’ என்றார் கடைசியில்.
‘இவங்க பேசறத இல்ல. கீழ ஓடற சத்தத்த.
இப்பப் பாருங்க, பதினேழாம் மெஷின் ஊசி உடைக்கும்.’
எனக்கு எல்லாம் ஒரே இரைச்சல்.
கொஞ்ச நேரத்தில் கீழே யாரோ
மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள்.

‘டார்கெட்டுனு ஒரு நம்பர் போடுறாங்களே,
அதுல ஊசி மாத்துற நேரமே இல்ல மேடம்.’
கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே, ஜன்னலைப் பார்த்து,
‘இத நான் யார்கிட்ட சொல்லணும்?’
நாற்பத்தைந்து நிமிடம் முடிந்திருந்தது.
இருவருமே எழுந்திருக்கவில்லை.

படியில் எச்.ஆர். பார்த்திபன் மடக்கினார்.
‘என்ன சொன்னாங்க?’
‘அது அவங்களோடது சார்.’
‘சரி, நீங்க என்ன சொன்னீங்க?’
யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே ஒன்றுமில்லை.
‘பில்லாவது அனுப்புங்க’ என்றார்.

காட்பாடி வண்டியில் மடியில் வைத்து எழுதினேன்.
தேதி, தொகை, வரி.
‘விவரம்’ என்ற கட்டம் மட்டும் காலி.
திருவலம் பாலத்தில் ரயில் தடதடத்தபோது
தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று
ஒரு மண்ணும் தெரியவில்லை.