முப்பத்தியொரு மூன்றுகள்

கருங்கல் போகிற மினிபஸ்ஸில்
மடியில் வினாத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
'மேற்பார்வையாளரின் தலைமைப் பாங்கும்
பெண் தொழிலாளரின் பணி ஈடுபாடும்:
கன்னியாகுமரி மாவட்ட முந்திரி ஆலைகள்.'
தலைப்பைக் கண்டக்டர் முழுசாகக் கேட்கவில்லை.
அண்டியாபீசுக்கா, இறங்கு என்றார்.

உடைப்புக் கொட்டகையில் முப்பத்தியொரு பேர்.
விரலில் சாம்பல், கல்லில் கொட்டை, கட்டையால் ஒரே தட்டு;
ஓடு அந்தப் பக்கம், பருப்பு இந்தப் பக்கம்.
ஒப்புதல் படிவத்தில் பெருவிரல் வைக்கச் சொன்னேன்.
தாளில் விழுந்தது வழுவழுவென்று ஒரு நீல வட்டம்.
"ரேகய எல்லாம் அண்டியெண்ண தின்னாச்சு பிள்ளே,
ஆதாருக்கே ஏழு நடை நடந்தேன்"
என்றார் ரெத்தினபாய்.
அதை எழுத என் தாளில் கட்டம் இல்லை.

முதல் கேள்வியை வாசித்தேன்.
என் மேற்பார்வையாளர் என் கருத்துக்கு மதிப்பளிக்கிறார்.
சுத்தமாக இல்லை என்றால் ஒன்று,
முழுக்க ஆமாம் என்றால் ஐந்து.
மேஸ்திரி செல்லையன் எடைத்தட்டுப் பக்கம்
சத்தமில்லாமல் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.
தட்டுகிற ஓசை ஒரு கணம் நின்றதா,
எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை.
ரெத்தினபாய் தலைத்துண்டை இழுத்துக் கட்டினார்.
"மூணு போடு."
அடுத்தவள் மூணு.
அவளுக்கு அடுத்தவள், நான் வாசித்து முடிக்கும் முன்பே, மூணு.
இருபத்திரண்டு கேள்வி, முப்பத்தியொரு பேர்,
அறுநூற்று எண்பத்திரண்டு மூன்று.
ஒரு நாலுகூடக் கைதவறி விழவில்லை.

ராத்திரி கணினி சொன்னது: திட்ட விலக்கம் பூஜ்யம்.
வில்பிரட் சார் போனில் சொன்னார்:
அக்கறையில்லாமல் போட்ட விடை, தூக்கிவிடு,
வேற ஆலை பாரு, மாதிரி எண்ணிக்கை குறையக் கூடாது.
தூக்கினேன்.
அட்டவணை அழகாகிவிட்டது.

நாலு மாதம் கழித்துத் திங்கள்சந்தையில்
மரச்சீனிக் குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு கை என் முழங்கையைத் தட்டியது. கறுத்த விரல்கள்.
வசந்தபாய்.
"அந்தத் தாளு பாஸாயாச்சா டீச்சரே?"
பேச்சுவாக்கில் சொன்னாள்.
முன்னொரு தடவை இப்படித்தான் யாரோ தாள் கொண்டுவந்தார்களாம்.
லில்லிபுஷ்பம் உள்ளதைச் சொல்லி ஒண்ணு போட்டாளாம்.
மறு வாரத்திலிருந்து அவளுக்கு மட்டும் ஈரக்கொட்டை;
தட்டினால் பருப்பு நொறுங்கும், நொறுங்கினால் கூலி குறையும்.
"அப்பவே ரெத்தினக்கா சொல்லியாச்சு.
இனி எவன் வந்தாலும் நடுவில.
அஞ்சு போட்டா பொய்யி, ஒண்ணு போட்டா பட்டினி.
ஒருத்தி தனிச்சு நிக்கப்பிடாது, கேட்டியளா."
பிறகு மரச்சீனிக்காரனிடம்
ரெண்டு ரூபாய்க்காக வெகுநேரம் சண்டை போட்டாள்.

என் இரண்டாம் அத்தியாயத்தில்
தலைமைக்குப் பதினொரு வரையறை இருக்கிறது.
மூன்று கண்டங்களிலிருந்து பொறுக்கி எடுத்தவை.
அதில் ஒன்றாவது உண்மை என்றால்
விலக்கம் பூஜ்யமாகத்தானே இருந்திருக்க வேண்டும்?
அளக்கப் போன பொருள்
தலைத்துண்டை இழுத்துக் கட்டியபடி எதிரே உட்கார்ந்திருந்தது.
நான் அதன் மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாரிடம் சொன்னேன். நல்லாருக்கு என்றார்.
அடுத்து வருகிறவர்கள் ஆராயலாம் என்று ஒரு வரி போடு,
அச்சுக்குப் போகிற நேரத்தில் எதையும் கிளறாதே.
வரம்புகள் என்ற தலைப்பின் கீழ்
நூற்று எழுபத்து நாலாம் பக்கத்தில் கிடக்கிறது:
'முப்பத்தியொரு விடைத்தாள்கள் நீக்கப்பட்டன.'

வாய்மொழித் தேர்வில் யாரும் அந்தப் பக்கம் புரட்டவில்லை.
தட்டில் வறுத்த முந்திரி வைத்திருந்தார்கள்,
எல்லாம் முழுப்பருப்பு.
முடிந்து வெளியே வரும்போது
அலுவலகத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள்.
நெறியாளரின் வழிகாட்டல் திருப்தி அளித்ததா?
ஒன்று முதல் ஐந்து வரை.
வில்பிரட் சார் ஜன்னலோரம் நின்று
சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று போட்டேன்.
முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தேன்.
வரிசையில் வேறு யாரும் இல்லை.