ஐம்பது பென்ஸ் அளவுப் பாட்டு

இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.
முதல் பக்கம் கம்பெனிக்காரன் கேட்டு வாங்கியது.
அதில் டெனிஸ் பாடுவது
பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவள் மாதிரி இருக்கும்.

தி கில்ஸ்.
கில் என்றால் செவுள்.
மூன்று பேருக்கும் வேலை கிரிம்ஸ்பி துறைமுகத்தில்,
காட் மீனின் செவுளுக்குள் விரல்விட்டுத் தூக்கி
பலகையில் போட்டு அறுப்பது.
எழுபத்தெட்டாம் வருடம்.
ஐஸ்லாந்துக் கடல் கைவிட்டுப் போய்
படகுகள் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன.
மேடையிலும் அவர்கள் காலில் ரப்பர் பூட்ஸ்தான்.
பின்னால் அதையும் ஸ்டைல் என்றார்கள்.
வீட்டுக்குப் போய் மாற்ற நேரமில்லை, அவ்வளவுதான்.

பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். மூன்றே தந்தி.
நாலாவது அறுந்த வாரம்
கிளெனிஸின் தம்பிக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டியிருந்தது.
அடுத்த வருடமே லீட்ஸில், ஷெஃபீல்டில்,
முழுசாக இருந்த கிட்டார்களிலிருந்து
பையன்கள் ஒரு தந்தியைக் கழற்றிவிட்டு வாசித்தார்கள்.
பெரிய பெயரெல்லாம் வாங்கினார்கள்.
கழற்றியதை ஒருத்தனாவது
கிளெனிஸுக்குத் தபாலில் அனுப்பியிருக்கலாம்.

இப்போது பாட்டு முடிகிற இடம்.
முடியாது.
இழுத்த குரல் வாய்க்குள் இருக்கும்போதே
கத்தி விழுந்தாற்போல்
நின்றுபோகும்.
இதைப் பற்றி லண்டனில் ஒருவர் புத்தகமே போட்டார்.
துண்டிக்கப்பட்ட உழைப்பு, நகரத்தின் மௌனம்,
இன்னும் என்னென்னவோ.
நல்ல புத்தகம். அட்டை கெட்டி.

பதிவு நடந்தது மெதடிஸ்ட் கோயிலின் பின்னறையில்.
சுவரில் மின்சார மீட்டர்.
ஏழு முனை ஐம்பது பென்ஸ் போட்டால்தான் வெளிச்சம்.
நாள் முழுக்க ஐஸில் கிடந்த விரல்களுக்கு
ஹீட்டர் இல்லாமல் மடங்க வராது.
ஹீட்டரோ காசைத் தின்றது.
எந்தப் பாட்டில் தீர்ந்ததோ
அந்தப் பாட்டு அங்கேயே முடிந்ததாக வைத்துக்கொண்டோம்.
விளக்கு போகும், ஆம்ப் போகும்.
மோ ஆஸ்கர்பியின் டிரம் மட்டும்
இருட்டில் நாலு அடி ஓடிப்போய்
வெட்கப்பட்டு நிற்கும்.
டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியதால்
அந்த நாலு அடியும் உங்களுக்குக் கிடைத்தது.
இன்றைக்கு யார் யாரோ
ஸ்டுடியோவில் வாடகை கொடுத்து
அந்த நாலு அடியை வாசிக்கிறார்கள்.

ஆமாம், வைத்துக்கொண்டோம் என்றேன்.
மீட்டருக்குப் பக்கத்தில் நிற்பது என் வேலை.
என் பெயர் நெவில்.
வாசிக்கத் தெரியாது, பாடத் தெரியாது,
காசு போடத் தெரியும்.

கடைசிப் பாட்டின் இருட்டில்
டெனிஸ் ஒரே ஒரு முறை கத்துவாள்.
நெவர் என்று கேட்கும்.
அதைப் பனியனில் அச்சடித்தார்கள்.
ஒஸாகாவில் ஒரு பெண்
தோளில் பச்சை குத்திக்கொண்டு படம் அனுப்பினாள்.
பார்த்துவிட்டு டெனிஸ் அழகாயிருக்கிறது என்றாள்,
வேறெதுவும் சொல்லவில்லை.
இப்போது கிளீதோர்ப்ஸில்
பள்ளிக்கூட வாசலில் வண்டிகளை நிறுத்தி
பிள்ளைகளைத் தெரு தாண்ட விடுகிறாள்.
அதே குரல்தான். லாரியே நிற்கும்.

அவள் கத்தியது நெவர் இல்லை.
நெவ்.
என்னை. காசு போடச் சொல்லி.

காசு இல்லை என்றேன்.
புத்தகக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன்.
மணி ஒன்பதேகால்,
ஒன்பதரைக்கு மீன்கடை மூடிவிடும்,
மத்தியானத்திலிருந்து நான் சாப்பிடவில்லை.
சிப்ஸ் வாங்கி, சுவரோரம் நின்று
ஒருவருக்கும் கொடுக்காமல் தின்றேன்.
வினிகர் அதிகம்.

சத்தத்தை நன்றாக ஏற்றி வையுங்கள்.
நாலு அடி, அவள் குரல்,
அப்புறம் என் இருமல்.
அதற்கடியில் மெல்லிசாக
இரண்டு உலோகம் உரசுகிற ஒலி ஒன்று வரும்.
சாவிக்கொத்தும் ஒரு நாணயமும்.
உறையில் அதை டாம்பரின் என்று போட்டிருக்கிறார்கள்.
வாசித்தவர் பெயர் இல்லை.