முன்பணம்

மாசி. கண்மாயில் தண்ணீர் ஒரு பாய் அகலம்.
கானாடுகாத்தான் கல்யாண வீட்டிலிருந்து
வெள்ளைக்கண்ணு ஒரு சாக்கு சுமந்து வந்தான்:
எச்சில் இலைகளில் வழித்த கவுனி அரிசி,
பலாச்சடை, நசுங்கிய பந்திப் பழம்.
சீமைக்கருவை மூட்டில் கொட்டிக் கிளறினான்.
"மூணு நாளாப் போடுறேன். நேத்து முழுசும் காலி.
இன்னைக்கு வரும் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி."

சேவுகன் உட்காரவில்லை.
அவன் நாய்கள் இரண்டும் உட்காரவில்லை.
"சோத்தப் போட்டுக் கழுத்த அறுக்கிறதுக்கு
வேட்டைன்னு பேரா?
தடம் பாரு. விரட்டு. அது ஓடட்டும்.
முள்ளு ரெண்டு பேரையும் கிழிக்கட்டும்.
தப்பிச்சா அது சாமர்த்தியம்."

"உனக்கு ரெண்டு நாய். அதுக்கு எத்தனை?"
வெள்ளைக்கண்ணு சாக்கை உதறினான்.
"போன வருசம் சினைப் பன்னிய
பொட்டல்ல ஒரு மைல் விரட்டுனியே,
ஓடிக்கிட்டே குட்டி போட்டுச்சே.
என் சோத்துல வாய் வச்சது
வாய் ருசியோட போகும்.
எது பாவம், நீயே சொல்லு."

சேவுகன் சொல்லவில்லை.
குனிந்து, நாயின் காதில் உண்ணி பிடுங்கினான்.

அடைக்கலத்துக்கு இந்த இரண்டு பேருமே இளப்பம்.
அவன் மடியில் கூண்டு, கூண்டுக்குள் கௌதாரி,
கூண்டு மேல் துண்டு.
பார்வை என்போம் அதை.
கண்ணுக்கும் அதுதான் பேர், கண்ணிக்கும் அதுதான்.
"நான் வயித்தக் காட்டிக் கூப்பிடறதில்ல.
விடியக்காலம் இது ஒரு சத்தம் குடுக்கும்.
எவன்டா என் எல்லையிலன்னு
ரோசத்தோட வரும் வர்றது.
பசிச்சு வந்ததப் பிடிக்கிறவன் திருடன்.
சண்டைக்கு வந்ததப் பிடிக்கிறவன்..."
வார்த்தை கிடைக்காமல் பீடியைத் தேடினான்.

"தெனம் கரையான் பொறுக்கிப் போடுறியே அதுக்கு,
அது என்னவாம்?"
"அது சம்பளம்."

சிரித்தோம். சேவுகன்கூடச் சிரித்தான்.

நான் வலை பிடிக்கிறவன்; என்னை யாரும் கேட்கவில்லை.
என் சட்டைப்பையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்.
செவ்வாய்க்கிழமை பள்ளத்தூர் டீக்கடையில்
வடை வாங்கிக் கொடுத்த ஒருவர் தந்தது.
"வீட்டுல விசேசம். காட்டுக்கறின்னா
கேக்குற விலை தர்றேன்.
இத சும்மா கையில வச்சிருங்க.
எந்தக் கண்மாய்ப் பக்கம் எறங்குவீங்க?"
தன்மையான மனுசன். வேட்டி மடிப்புக் கலையாதது.
செருப்புக்கு மேலே கணுக்காலைச் சுற்றி
தோல் வெளுத்த ஒரு வளையம்,
வருசக்கணக்காய் பூட்ஸ் இறுக்கிய மாதிரி.

ஈர மண்ணில் குளம்பு பதிந்திருந்தால்
எடை சொல்வேன், சினை சொல்வேன்,
எந்தக் கால் நொண்டி என்று சொல்வேன்.
அன்றைக்கு வடை சூடாக இருந்தது.

இரண்டரை மணி இருக்கும், கருவைக்குள் மூச்சு.
பேச்சு நின்றது. நிழல் ஒன்று விளிம்பில் வந்தது,
பெரியது, முதுகு மயிர் சிலிர்த்தது.
மூக்கை நீட்டியது. ஓர் அடி வைத்தது.
வைத்த காலை எடுத்தது.
கல்யாணச் சோற்றை அகல ஒரு சுற்றுச் சுற்றி
வந்த வழியே போய்விட்டது,
ஓடாமல், நடந்தே.

"மூணு நாள் தின்னுச்சேடா," என்றான் வெள்ளைக்கண்ணு,
கடன் கொடுத்தவன் குரலில்.
"இன்னைக்கு என்ன மணந்துச்சு அதுக்கு?"
நாய்கள் பன்றி போன பக்கம் திரும்பவில்லை.
கரைப் பக்கம் பார்த்து நின்றன.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.
தாள் இரண்டும் மொடமொடவென்று புதுசு.
சொல்லியிருக்கலாம்.
தொண்டையில் இன்னும் அந்த வடை.

கிழக்கு வெளுக்கவில்லை. இருந்தும்,
துண்டுக்கு அடியில் கௌதாரி
நேரம் தப்பி ஒரு சத்தம் கொடுத்தது.

கண்மாய்க் கரையிலிருந்து பதில் வந்தது.
அடைக்கலம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"கௌதாரி இல்லையே," என்றான்.