கல் உப்பு

வியாழன் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை
மாதாந்திரப் பராமரிப்பு.
நாகமலை புதுக்கோட்டை, வடிவேல்கரை, இன்னும் நாலைந்து ஊர்.
கடைசியில் 'மற்றும் சுற்றுப்புறப் பகுதிகள்' என்றிருந்தது.
அந்தச் சுற்றுப்புறத்தில்தான் எங்கள் ஆய்வகம்.

ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
டீசலுக்குக் கோப்பு இருக்கிறது.

மைனஸ் இருபதில் பதினோரு குப்பிகள்.
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவு,
அடியில் தேன்பதமாய் ஒரு சொட்டு.
பாதி கிளிசரால்; அந்தக் குளிரிலும் உறையாது.
மீதியில் எங்கோ நொதி.
விலை,
நான்கு மாதமாய் வராத என் உதவித்தொகையில்
இரண்டு மாதம்.

தெர்மோகோல் பெட்டியைக் காலடியில் வைத்து
ஸ்கூட்டியில் கரிமேடு போனேன்.
மீன் மார்க்கெட்டில் ஐஸ் கிடைக்கும் என்றவர்
விலங்கியல் துறை அட்டெண்டர் குருவையா.
'சேசுராணின்னு கேளுங்க, அந்தம்மா ஏமாத்தாது.'

பாறை மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.
கத்தி இடம் தேடவில்லை.
முள்ளின் கணு வந்ததும் தானாக இறங்கியது.

'என்ன, மருந்தா?'
'இல்லக்கா. கத்தி.'
சிரிக்கவில்லை அவர். கத்தி என்றால் தொழில்.
'எத வெட்டும்?'

எப்படிச் சொல்வது.
முறுக்கிய நூலேணி ஒன்று,
நாற்பத்தெட்டாயிரம் எழுத்து நீளம்.
அதில் ஆறே எழுத்து, ஜி ஏ ஏ டி டி சி,
வருமிடத்தில் மட்டும் வெட்டும்.
ஒன்று பிசகினால் தொடாமல் தாண்டிப் போகும்.
மேல் இழையை இடமிருந்து வலம் படித்தாலும்
கீழ் இழையை வலமிருந்து இடம் படித்தாலும்
அதே ஆறு.
'தேரு வருதே' என்று பள்ளிக்கூடத்தில்
திருப்பிப் படித்துக் காட்டுவோமே,
அந்த மாலைமாற்று.

தேரு வருதே.
உதட்டுக்குள் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தார்.
சரியாக வந்தது. கத்தியைத் துடைத்தார்.

'எப்படித் தீட்டுவ?'
'தீட்ட முடியாதுக்கா. சூடு பட்டா
முடிச்சு அவுந்த நூலாயிரும்.
திரும்பக் கட்ட நமக்கு வராது.'
'ம்.'

பெட்டிக்குள் ஐஸை உடைத்துப் போட்டிருந்தேன்.
தெர்மாமீட்டர் பூஜ்யத்தில் நின்றது.
பூஜ்யம் போதாதென்று நான் சொல்லவேயில்லை.
எட்டிப் பார்த்தவர் சாக்கில் கைவிட்டு
இரண்டு கை கல் உப்பு போட்டார்.
'வெறும் ஐஸு தண்ணியாத்தான் போகும்.
உப்பு விழுந்தாத்தான் கடிக்கும்.'

மைனஸ் ஆறு.
மைனஸ் பதினொன்று.
இன்னொரு கை.
மைனஸ் பதினேழு.

இதைத்தான் பி.எஸ்சி.யில் எழுதிப்
பத்துக்கு ஒன்பது வாங்கியிருந்தேன்.

கவிழ்த்த மீன்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன்.
ஈக்கள் என்னையும் சரக்காகச் சேர்த்துக்கொண்டன.
ஒருவர் வந்து சங்கரா என்ன விலை என்றார்.
சொன்னேன்.
பேரம் பேசாமல் வாங்கிப் போனார்.
மூன்று மணிக்கு, யாரும் கேட்காமல்,
நான்காவது கை விழுந்தது.

வெள்ளிக்கிழமை
முப்பத்தேழு டிகிரியில் ஒரு மணி நேரம்,
பிறகு ஜெல், பிறகு இருட்டறை, புற ஊதா.
ஆரஞ்சு நிறத்தில் ஐந்து கோடு.
ஆறு இருக்க வேண்டும்.
மூன்றாவதும் நான்காவதும் ஒட்டிக்கொண்டு
ஒன்றாய்த்தான் தெரியும், எப்போதும்.
மூச்சு விட்டேன். கையில் இன்னும் மீன் வாடை.

ஒட்டும் நொதி மட்டும் ஒட்டவில்லை.
அது போன மாதமே செத்திருக்கலாம்.
யாரும் சோதித்துப் பார்க்கவில்லை,
நோட்டில் எழுதவும் இல்லை.
குப்பிப் பெட்டி மூடியில் ஒரு செதில்.
அதைச் சுரண்டவில்லை,
அப்படியே மைனஸ் இருபதுக்குள் வைத்தேன்.

செலவுச் சீட்டு போட்டேன்:
பனிக்கட்டி, ஒரு பார்.
கல் உப்பு, நான்கு கை.
அலுவலகத்திலிருந்து தங்கபுஷ்பம் மேடம்
சிவப்பு மையில் சுழித்துத் திருப்பியனுப்பினார்.
'கை' என்றோர் அளவு
பட்டியலில் இல்லையாம்.