லாபம், ரெண்டு, மூணு

சம்மாந்துறை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால்
போட்டோக் கொப்பிக் கடையில் பாதி என்னுடையது.
பலகையில் எழுதியிருக்கிறேன்:
மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, பக்கம் அறுநூறு.

காப்புறுதிப் படிவத்தோடு றாவியத்தும்மா வந்தா.
சாரிக் கரையில் மல்கம்பிட்டி வட்டையின் களி
இன்னும் காயவில்லை.

"தண்ணி கனக்க, தம்பி.
வரம்பு உடைஞ்ச இடமும் கனக்க.
எழுதுங்க."

கனக்க.
நம்முடைய சொல் எண்ணுவதில்லை,
கையில் தூக்கிப் பார்க்கிறது.
இங்கிலீசுக்கு அது போதாது, வாசலிலேயே மறிக்கும்:
எண்ணலாமா, ஏலாதா?
தண்ணீரா, மச் பக்கம் போ.
உடைப்புகளா, மெனி பக்கம் நில்.
குனிந்து குனிந்து ஒவ்வொரு கதிராய்ப் பொறுக்கியவளுக்கும்
அங்கே நெல் எண்ண ஏலாத சாமான்.
சாக்கில் போட்டு வாயைக் கட்டினால்தான் எண் வரும்.

லெஸ் பெடி என்று அடித்தேன்.
ஃபியூவர் பேக்ஸ் என்று அடித்தேன்.
போனது ஒரே விளைச்சல்,
குறைவுக்கு மட்டும் இரண்டு சொல்.

"ஒண்டுமே மிஞ்சல்லியா?"
"மேட்டுக் கண்டத்துல கொஞ்சம் மிஞ்சின."

அந்தக் 'கொஞ்ச'த்தில் கை நின்றது.
ஃபியூ என்று மட்டும் விட்டால், போயே போயிற்று.
முன்னால் ஓர் 'எ' வைத்தால், ஏதோ கிடைத்திருக்கிறது.
ஒற்றை எழுத்து, உமியை விடச் சின்னது.
கொழும்பில் அதை வாசிக்கிறவர்
அந்த உமிக்கு எவ்வளவு கழிப்பார் என்று எனக்குத் தெரியும்.
போன மாரியில் இரண்டு பேருக்குக் கழித்தவர்.

எடுத்துவிட்டேன்.
எடுத்ததைச் சொல்லியிருக்கத் தேவையில்லை.
சொன்னேன்.

மின்விசிறி கொஞ்ச நேரம் தனியாகச் சுற்றியது.
"கிடைச்சத்தக் கிடைக்கல்ல எண்டு சொல்லப்படாது.
அந்த எழுத்த வெச்சிருங்க."

வைத்தேன்.
பிறகு மனம் கேளாமல் இரண்டையும் அழித்துவிட்டு
எத்தனை மூடை என்று கேட்டேன்.
விரல் மடக்கினா:
லாபம், ரெண்டு, மூணு, நாலு...
களத்தில் 'ஒன்று' என்றால் பொலி அத்தோடு நின்றுவிடுமாம்.
முடிந்தாலும் நிறைந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
மடக்கிய விரல்களை ஒருமுறை விரித்து
மறுபடி ஒன்று மடக்கியதும் நிறைந்தது.
இலெவன் என்று அடித்தேன்.
லாபத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

என் அறுநூறையும் நூறுநூறாய் மேசையில் வைத்தா.
அதிலும் முதல் தாளுக்குப் பெயர் லாபம்தான்.
வாங்கிக்கொண்டேன். வாங்காமல் விட்டேன் என்று எழுதினால்
இந்தக் கவிதை நன்றாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பதிலோடு வந்தா.
எ கிரேட் டீல் ஒஃப் சிம்பதி என்று தொடங்கியது.
பிழை பிடிக்க ஒன்றுமில்லை.
அனுதாபமும் தண்ணீர் மாதிரி, எண்ண ஏலாதது.
அதற்குப் போட்ட சொல்லும் சரி.
வருத்தம் அடுத்த பந்தியில், அதுவும் எண்ண ஏலாதது.
பிறகு வாசகம் ஏழு, பிரிவு மூன்று.
எண்கள் அவ்வளவுதான்.

"கனக்க எழுதியிரிக்காங்க போல."
ஓம், கனக்க.

"எத்தனையாம்?"

கடிதத்தைத் திருப்பினேன்,
பின்பக்கத்தில் எண் ஏதும் ஒட்டிக்கொண்டு
வந்திருக்குமோ என்று.